நேரமில்லாதவர்களுக்குப் புதிர்த் தாவல் விளையாட்டு: பாளையங்கோட்டைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவனிடம் மக்கள் கணினியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. விண்டோஸ் ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் என் மேசைத் திரையில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அது என்ன விளையாட்டு? எனக்கெல்லாம் அதற்கு நேரம் கிடைக்குமா?" என்று தொடங்குவார்கள். ஆசிரியர்கள், செவிலியர்கள், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையில் வேலை பார்ப்பவர்கள், மகனின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முக்கூடலிலிருந்து வரும் அம்மாக்கள் எனப் பலரும் கேட்டவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புதிர்த் தாவல் விளையாட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

திரையில் ஓர் ஆள் ஓடுவான், குதிப்பான், ஏணி ஏறுவான், பெட்டி தள்ளுவான். சும்மா குதித்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பான். எதை எங்கே தள்ளி, எந்தக் கதவைத் திறந்து, எப்போது தாவுவது என்று யோசித்தால்தான் அடுத்த இடம். ஆங்கிலத்தில் பசில் பிளாட்ஃபார்மர் என்பார்கள். மரியோவில் தாவல் பெரிது, சுடோகுவில் புதிர் மட்டும். இதில் தலைக்கும் வேலை, விரலுக்கும் வேலை.

வகை பழையதுதான். 1983இல் வந்த லோட் ரன்னரில் குதிக்கவே முடியாது. தரையில் குழி தோண்டி, துரத்தி வரும் காவலர்களை அதில் விழவைத்து, அவர்கள் தலைமேல் நடந்து தப்பிக்க வேண்டும். மொத்தம் 150 கட்டங்கள். 1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைத் தொண்ணூறுகளில் கணினி வகுப்புக்குப் போனவர்கள் பலர் ஆசிரியர் வெளியே போன நேரம் பார்த்து ஆடியிருப்பார்கள். இளவரசியை மீட்க அது கொடுப்பது ஒரே ஒரு மணி நேரம். அதற்குள் முடியாவிட்டால் எல்லாம் போயிற்று. நேரமில்லாதவர்களை வதைக்கவென்றே செய்தது போலிருக்கும். நல்லவேளையாக, பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மணற்கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும். "சின்ன விளையாட்டு, சீக்கிரம் முடிந்துவிடும்" என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். சீக்கிரம் முடிவது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதை அல்ல. பாதியில் எழுந்து போனால் எதை இழப்பேன் என்று கேளுங்கள்.

நான்கு பேர் குழுவாக இணையத்தில் சுட்டு விளையாடும்போது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்தால் மற்ற மூன்று பேரின் ஆட்டமும் கெடும், திட்டும் விழும். கைப்பேசியில் பயிர் வளர்க்கும் விளையாட்டுகள் வேறு வகைத் தொல்லை. இன்று வராவிட்டால் இன்றைய பரிசு போயிற்று என்று மணி அடித்துக் கூப்பிடும். நெல் நடுகிறவரைக்கூட நடவுக்கு நடுவில் கூப்பிடும்.

புதிர்த் தாவல் பல்லாங்குழி மாதிரி. பாதி ஆட்டத்தில் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாலும், குழியில் புளியங்கொட்டை கிடந்தபடியே கிடக்கும். உங்களுக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை, உங்களை விட்டுவிட்டு யாரும் முன்னேறிப் போகவும் இல்லை.

இரண்டாவது, தோல்விக்கு இது வாங்கும் விலை மிகக் குறைவு. டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட லிம்போவில் சிறுவன் செத்துக்கொண்டே இருப்பான். பொறியில் சிக்குவான், தண்ணீரில் மூழ்குவான், ஆளைவிடப் பெரிய சிலந்தியின் கால் குத்தும். ஆனால் சில நொடிகளில், செத்த இடத்துக்குச் சற்று முன்னால் மறுபடி நிற்பான். மூன்று உயிர்தான் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஜோனதன் பிளோ 2008இல் வெளியிட்ட பிரெய்டு இன்னும் ஒரு படி மேல். செத்தால் ஒரு பொத்தானை அழுத்திக் காலத்தையே பின்னோக்கி ஓட்டலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும். ஒரு புதிர் பிடிபடவில்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு நடந்து போகவும் விடும். கடைசிக் கட்டத்துக்குத்தான், புதிர்களை அவிழ்த்துப் பொறுக்கும் படத்துண்டுகள் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும்.

எல்லாமே இப்படி நல்ல பிள்ளைகள் அல்ல. சிலவற்றில் செத்தால் ஐந்து நிமிடம் பின்னால் கொண்டுபோய்த் தள்ளும். அதனால் கடைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லும் சோதனை இது: தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் வேண்டுமென்றே ஒரு முறை சாகுங்கள், பிறகு விளையாட்டை மூடித் திறங்கள். இரண்டு முறையும் உங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால், எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் அது உங்களுக்கானது அல்ல.

சரி, எத்தனை மணி நேரம்தான் ஆகும்?

லிம்போ, இன்சைடு, போர்ட்டல் மூன்றும் தனித்தனியே மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிரெய்டுக்கு ஐந்தாறு மணி. போர்ட்டல் 2 எட்டு மணியைத் தாண்டும். இவையெல்லாம் கை பழகியவர்களுக்கான கணக்கு. கடை சாத்தி, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்தரைக்கு உட்காருகிறவர் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஒரு தடவைக்குக் கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால், எங்கே விட்டோம் என்று ஞாபகப்படுத்திக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். பேருந்துக்கு நிற்கும் ஐந்து நிமிடத்துக்கு இது சரிப்படாது. அதற்கு நாளிதழ்க் குறுக்கெழுத்தே மேல்.

அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் நெல்லைக்கு வருகிறேன். ரயிலில் விளையாட முடியுமா?

முடியும். சொல்லப்போனால் அந்த வண்டிக்கு இந்த வகை நன்றாகவே பொருந்தும். ஆனால் எந்த விளையாட்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

லிம்போ ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. வாங்கிவிட்டு ரயிலில் திறந்தவர்கள் பலர் ஏமாந்து திரும்பி வந்திருக்கிறார்கள். படம் முழுக்கக் கருப்பு வெள்ளை, அதிலும் கருப்பே அதிகம். காலை வண்டியில் வீரவநல்லூர் தாண்டி ஜன்னல் வெயில் மடியில் விழத் தொடங்கினால், திரையில் உங்கள் முகமும் பக்கத்தில் இருப்பவரின் பூக்கூடையும்தான் தெரியும். சிலந்தி எங்கே நிற்கிறது என்று தெரியாமலே சாவீர்கள். அது இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஆடவேண்டியது.

அடுத்தது, வண்டியின் ஆட்டம். தொடுதிரையில் குதிப்பதே ஒரு கலை. லிம்போவில் திரைமேல் பொத்தான்கூட இராது, விரலால் தடவித்தான் ஓட்ட வேண்டும். தண்டவாளம் மாறும் இடத்தில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் பையன் பள்ளத்தில். ஆகவே ரயிலுக்கு விரல் வேலை குறைந்ததாகத் தேடுங்கள். 2014இல் வந்த மான்யுமென்ட் வேலியை நான் சொல்வேன். அதில் தாவலே இல்லை என்பதால் இந்த வகையில் அது சேராது என்று வாதாடுபவர்கள் உண்டு, வாதாடட்டும். கோபுரத்தையும் படிக்கட்டையும் விரலால் திருப்பி, ஒரு சிறுமி நடந்து போக வழி உண்டாக்க வேண்டும். கைப்பேசியை நெடுக்காகப் பிடித்து ஒரே கையால் ஆடலாம். சேரன்மகாதேவியில் கூட்டம் ஏறி, ஒரு வயதானவருக்கு இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் ஆட்டம் நிற்காது. நிறங்கள் பளிச்சென்று இருப்பதால் வெயிலிலும் ஓரளவு தெரியும். மொத்தம் பத்தே அத்தியாயங்கள்.

இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் இணையம் இல்லாமலே ஓடும். வயல்களுக்கு நடுவே சிக்னல் போய் வந்தாலும் கவலையில்லை. வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

மாலைப் பயணத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. காலையில் நெல்லைதான் கடைசி நிலையம், எல்லோரும் இறங்கும்போது நீங்களும் இறங்கிவிடுவீர்கள். மாலையில் புதிருக்குள் மூழ்கினால் கீழ ஆம்பூரில் இறங்கி அம்பைக்குத் திரும்ப ஆட்டோ தேட வேண்டியிருக்கும்.

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் நான். இடைவேளையில் விளையாடும்போது வார்டிலிருந்து அழைப்பு வந்தால்?

அப்படியே போட்டுவிட்டு ஓடுங்கள். கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும். கணினியிலும் சரி, டிவியில் மாட்டி ஆடும் கன்சோலிலும் சரி, நிறுத்தும் பொத்தான் இல்லாத புதிர்த் தாவலை நான் பார்த்ததில்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இணையத்தில் இன்னொருவரோடு சேர்ந்து ஆடும் பகுதி இருந்தால் அதைப் பணி நாளில் தொடாதீர்கள்.

மின்சாரம் போய்விட்டால்?

மேசைக் கணினியில் யுபிஎஸ் இல்லையென்றால் ஆட்டம் அந்த நொடியே அணைந்துவிடும், ஆனால் இழப்பு சிறிது. இப்போதைய புதிர்த் தாவல்கள் ஒவ்வொரு புதிருக்கும் பிறகு தாமாகவே சேமித்துக்கொள்கின்றன. மூலையில் ஒரு சின்னக் குறி சுழலும். அது சுழலும்போது மட்டும் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிறுத்தும் நாள் நாளிதழில் வந்துவிடும். அன்று மடிக்கணினியை முன்னிரவே சார்ஜ் ஏற்றி வைத்தால், அந்த ஓய்வு ஒரு வரம்.

பீடி சுற்றிக்கொண்டே இதை விளையாட வழி உண்டா?

மகன் ஆடுவதைப் பார்த்து ஆசைப்பட்ட ஓர் அம்மா சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி. சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுதான்.

கை இலையிலும் தூளிலும் இருக்கும்போது திரையைத் தொட முடியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது கையை நிறுத்தவும் முடியாது. ஆனால் இந்த வகையில் பாதி வேலைக்குக் கை தேவையில்லை. சுட்டு விளையாடுவதை மனத்துக்குள் ஆட முடியுமா? புதிரை ஆடலாம்.

அந்த வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். மகன் பிரெய்டில் ஓர் இடத்தில் திணறிக்கொண்டிருந்தான். ஆழமான ஒரு குழி, அடியில் சாவி. குதித்தால் சாவி கிடைக்கும், ஏறி வர வழியில்லை. காலத்தைப் பின்னோட்டினால் ஆள் மேலே வந்துவிடுவான்; ஆனால் காலம் திரும்பும்போது எடுத்த பொருளும் பழைய இடத்துக்கே போய்விடுவதுதானே இதுவரை பழகிய வழக்கம் என்று நினைத்து, குதிப்பதற்கு வேறு சந்து தேடிக்கொண்டே இருந்தான். அம்மா தட்டை மடியில் வைத்து நூல் கட்டியபடி எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தச் சாவி மட்டும் ஏன் பச்சையாக மினுங்குகிறது?" என்றார். அதுதான் விடை. பச்சை ஒளி சுற்றிய பொருளைக் காலம் தொடாது. குதித்து, எடுத்து, பின்னோட்டினால் ஆள் மேலே வருவான், சாவி கையிலேயே இருக்கும். அவர் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை.

நேரமில்லாதவர்களுக்கு இந்த வகை தரும் பெரிய லாபம் இதுதான் என்பேன். சிக்கிய புதிரை மண்டைக்குள் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகலாம், வகுப்பறைக்குப் போகலாம், ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம். திரும்பி வந்து திரைமுன் உட்காருவது, யோசித்து வைத்ததைச் செய்து பார்க்கத்தான். கடிகாரத்தில் பத்து நிமிடம்தான் ஆடியிருப்பீர்கள். உண்மையில் நாள் முழுக்க ஆடியிருக்கிறீர்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

காற்றாலைப் பராமரிப்பு வேலை. காற்றுச் சீசன் தொடங்கினால் மாதக்கணக்கில் திறக்கவே முடியாது. திரும்பி வந்தால் எல்லாம் மறந்துவிடுகிறதே?

இந்த வகையின் உண்மையான பலவீனத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஆனியில் விட்டவர் ஆவணி கழிந்து திறப்பார். பிசான நடவுக்காக விட்டவர் அறுவடை முடிந்து தை மாசியில் திறப்பார். திரையில் ஒரு கதவு, ஒரு கயிறு, ஒரு பெட்டி. எதற்கு இங்கே நிற்கிறோம் என்றே தெரியாது.

மறப்பது இரண்டு. ஒன்று விரல், எந்தப் பொத்தான் எதற்கு என்பது. அது பத்து நிமிடத்தில் திரும்பிவிடும். இன்னொன்று விதி, இந்த உலகத்தில் எது எதைச் செய்யும் என்பது. அது தானாகத் திரும்பாது. ஏனென்றால் இந்த விளையாட்டுகள் விதியை எழுத்தில் சொல்வதே இல்லை. ஒவ்வோர் அறையாக ஆடவிட்டுக் கற்றுத்தருகின்றன. 2007இல் வந்த போர்ட்டல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 19 சோதனை அறைகள். சுவரில் ஒரு வாசலைத் திறந்து, இன்னொரு சுவரில் திறந்த வாசல் வழியே வெளியே வருவதுதான் மொத்த வித்தை. ஆனால் உயரத்திலிருந்து விழும் வேகம் வாசலுக்குள் நுழைந்து மறுபக்கம் அப்படியே பாய்ந்து வரும் என்பதை நடு அறைகளில்தான் சொல்லித்தரும். அதை மறந்தவர் பின் அறைகளில் என்ன முட்டினாலும் பயனில்லை.

ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்காதீர்கள், விட்ட இடத்திலிருந்தும் தொடங்காதீர்கள். விட்ட இடத்துக்கு மூன்று நான்கு அறைகள் முன்னால் போய், விடை தெரிந்த அறைகளையே மறுபடி கடந்து வாருங்கள். அறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி விளையாட்டின் மெனுவில் இருக்கும். விட்டுப் போகும்போது கைப்பேசிக் குறிப்பில் ஒரு வரி எழுதி வைப்பதும் நல்லது: "பச்சைப் பொருள் பின்னோடாது" என்கிற அளவுக்கு.

2012இல் வந்த ஃபெஸ் போன்றவற்றைச் சீசன் வேலைக்காரர்கள் தள்ளி வைக்கலாம். அழகான விளையாட்டுதான். ஆனால் அதற்கென்று தனி எழுத்தும் தனி எண்ணும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அவற்றை உடைத்துப் படித்தால்தான் பின்பாதி திறக்கும். நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு தொடர்ச்சியாக உட்கார வாய்ப்பிருப்பவர்களுக்கு அது விருந்து.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடை தெரிகிறது, விரல் ஓடவில்லை. என்ன செய்ய?

நேரமில்லாதவர்கள் இந்த வகையைக் கைவிடுவதற்கு முதல் காரணம் இதுதான். புதிரை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, அதைச் செய்து முடிக்க அரை மணி நேரம் குதித்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த அரை மணியில் நீங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. நேரம் வீணாகிறது என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் அது.

நல்ல விளையாட்டைச் செய்தவர்கள் இதை அறிந்து உள்ளே சில சலுகைகளை ஒளித்து வைக்கிறார்கள். மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் ஒரு கணத்துக்குள் பொத்தானை அழுத்தினால், விளிம்பில் நின்றே குதித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2018இல் வந்த செலஸ்டில் அந்தக் கணம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். "இந்த விளையாட்டு எனக்கு ஒத்துழைக்கிறது, அது ஒத்துழைக்கவில்லை" என்று சொல்கிறோமே, பெரும்பாலும் இதுதான் வித்தியாசம்.

செலஸ்ட் புதிரைவிடத் தாவல் மிகுந்தது, கடினமானது. ஆனால் அதில் உதவி முறை என்று ஒன்று உண்டு. ஆட்டத்தின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாவே இல்லாமலும் ஆடலாம். அதைப் பயன்படுத்தினால் ஏமாற்று என்று பக்கத்தில் நின்று சொல்லும் இளவட்டங்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். வீட்டுக்கடன் தவணையும் மகள் கல்யாணமும் அவர்கள் தலையில் இல்லை.

இரவில் "இன்னும் ஒன்றே ஒன்று" என்று மணி பன்னிரண்டு ஆகிவிடுகிறது.

ஆகும். ஒரு புதிர் முடிந்ததும் அடுத்த அறைக் கதவு திறந்து, புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் படும்படியே அமைத்திருப்பார்கள். பகலில் ஆடுகிறவர் சிக்கிய இடத்தில் நிறுத்தலாம். மற்ற வேலைகளுக்கிடையே மனம் அதை உருட்டிக்கொண்டிருக்கும். இரவில் ஆடுகிறவர் தலைகீழாகச் செய்ய வேண்டும்: அவிழ்த்த கையோடு, அடுத்த அறையைப் பார்க்காமல் மூடிவிட வேண்டும்.

படுத்த பிறகும் படம் ஓடுகிறது என்று சிலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் தூக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடனிருந்தவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை ஆடியவர்களுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் கட்டைகள் விழும் காட்சி தோன்றியது. ஆடியதே நினைவில் நில்லாத மறதி நோயாளிகள் சிலருக்கும் தோன்றியது என்பதுதான் வியப்பு. காலையில் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் வீடு என்றால், பத்தரைக்கு அலாரம் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இதை ஆடினால் மூளை கூர்மையாகுமா?

புதிர்த் தாவல் ஆடினால் புதிர்த் தாவல் நன்றாக ஆட வரும். தேர்வுக்கு அதை நம்பாதீர்கள். இளைப்பாற ஆடுங்கள், தேர்வு முடியும்வரை வார இறுதியில் மட்டும்.

ரம்மி மாதிரி இதிலும் பணம் போகுமா?

இல்லை. விலை கொடுத்து ஒரு முறை வாங்கிவிட்டால் அவ்வளவுதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. இவை அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவையே அல்ல. ஆனால் கைப்பேசியின் ஆப் ஸ்டோரில் இலவசம் என்று கிடைக்கும் போலிகளில் நொடிக்கொரு விளம்பரம் வரும். செத்தால் விளம்பரம், சேமித்தால் விளம்பரம். கால் மணி நேரம்தான் கையில் இருக்கிறதென்றால் அதில் பாதியை விளம்பரத்துக்குக் கொடுப்பதைவிட, நூறு இருநூறு கொடுத்து நல்லதை வாங்குவது லாபம்.

பழைய கணினி போதுமா?

லிம்போ, பிரெய்டு ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். பத்து வருட மடிக்கணினியில் நானே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். புதுக் கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் அட்டை விற்பவராக இருப்பார்.

பிள்ளைகளோடு சேர்ந்து ஆட எது நல்லது?

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் என்றால் இதையே முதலில் யோசியுங்கள். ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள் என்று 2009 முதல் உலாவியில் ஓடும் விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குத் தெரிந்திருக்கும். நெருப்புப் பையனும் தண்ணீர்ப் பெண்ணும். பையன் தண்ணீரை மிதித்தால் போனான், பெண் நெருப்பை மிதித்தால் போனாள், பச்சைச் சேற்றில் இருவருமே தப்ப மாட்டார்கள். இரண்டு பேர் ஒரே விசைப்பலகையில் தோள் இடிக்க உட்கார்ந்து ஆடலாம். ஒருவர் பொத்தானை மிதித்து நிற்க, மற்றவர் கதவைக் கடக்க வேண்டும். "நீ முதலில் போ", "இல்லை, நீ நில்லு" என்று சத்தம் தெருவரை கேட்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் போர்ட்டல் 2இல் இருவர் ஆடுவதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

லிம்போவையும் இன்சைடையும் சிறு பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். பேச்சே இல்லாத படம் போலத்தான் இருக்கும், ஆனால் சாவு ஒவ்வொன்றும் கோரம். தாத்தா பாட்டிகளும் எழுந்து போய்விடுவார்கள்.

சிக்கிக்கொண்டால் யூடியூபில் விடை பார்ப்பது தவறா?

நேரம் நிறைய இருப்பவர்கள்தான் தவறு என்பார்கள். என் கணக்கு வேறு. விதி தெரியாமல் சிக்கினால் பாருங்கள். விதி தெரிந்தும் வழி தெரியாமல் சிக்கினால் ஓரிரு நாள் தூக்கிக்கொண்டு திரியுங்கள், அந்தத் திரிதலுக்குத்தானே காசு கொடுத்தோம். பார்ப்பதென்றாலும் அந்த ஒரு புதிரின் முதல் அசைவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். காணொளி தானாக அடுத்த புதிருக்கும் ஓடிவிடும், அதுவும் கெட்டது.

வாங்கிய பிறகு ஒத்துவரவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கணினியில் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடை வழியாக வாங்கினால் கிடைக்கும். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் திருப்பிக் கொடுக்கலாம். மேலே சொன்ன சாகும் சோதனையை முதல் நாளே செய்யச் சொல்வது இதற்காகத்தான். வேலை மும்முரத்தில் வாங்கிப் போட்டு மூன்று வாரம் கழித்துத் திறப்பவருக்கு அந்த 14 நாள் கடந்திருக்கும். எனவே தள்ளுபடி வந்தது என்று ஆடி மாதத் துணிக்கடைக் கூட்டம்போல் பத்தை அள்ளாமல், ஒன்றை வாங்கி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இன்சைடு மாதிரி மூன்றரை மணி நேர விளையாட்டில் ஒன்றே முக்கால் மணி ஆடிவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கி, மீதியை யூடியூபில் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் உண்டு. விதிப்படி அதில் குற்றமில்லை. என் கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னால் மட்டும், சர்வீஸ் கட்டணத்தில் சல்லிக்காசு குறைக்க மாட்டேன்.